பத்து முகங்களும் ஒரு கடலும்: ‘தசாவதார’த்தின் அரசியல் பகடி

2008 ஜூன் 13 அன்று வெளியான ‘தசாவதாரம்’ கமல்ஹாசன் பத்து வேடங்களில் நடித்த படமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. கே.எஸ். ரவிக்குமார் இயக்கி, ஆஸ்கார் ரவிச்சந்திரன் தயாரித்த இந்தப் படத்தின் கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் கமல்ஹாசனுடையவை. இதை அரசியல் பகடி என்று வகைப்படுத்துவோர் குறைவு. ஆனால் பத்துப் பேரின் பட்டியலைப் பார்த்தால் வேறொரு படம் தெரியும். அரசனின் ஆணைக்குப் பணியாமல் சாகும் வைணவர், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் ஆள், இந்திய உளவுத்துறையின் தெலுங்கு அதிகாரி, மணல் கொள்ளையை எதிர்க்கும் தலித் தலைவர், போலீஸின் சந்தேகத்துக்கு ஆளாகும் உயரமான இஸ்லாமியர் என்று பாதிக்கு மேற்பட்டோர் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் அல்லது அதனிடம் அடிபடுபவர்கள். கதை சிதம்பரத்தில் தொடங்குகிறது. எட்டரை நூற்றாண்டு தாண்டி அதே ஊருக்குத் திரும்புகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் முடிகிறது. இவ்வளவு கூரான பொருளை வைத்திருந்தும் பகடியாக இந்தப் படம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. வசூலில் பெரும் வெற்றி பெற்ற படம் என்பதால் இந்தக் குறை அதிகம் கவனிக்கப்படவில்லை.

கதை சுருக்கமாக இது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் தில்லைக் கோவிந்தராசப் பெருமாளைக் கோயிலிலிருந்து பெயர்க்கிறான். தடுக்க வரும் ரங்கராஜ நம்பி, ஐந்தெழுத்தைச் சொன்னால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையிலும் மறுத்து, சிலையோடு கட்டப்பட்டுக் கடலில் வீசப்படுகிறார். அடுத்து 2004. அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் உருவான கொடிய கிருமி அடங்கிய குப்பி, அதைக் காப்பாற்ற முயலும் கோவிந்தராஜன் ராமசாமி என்ற விஞ்ஞானியின் கை நழுவி, ஒரு பார்சலில் ஏறிச் சிதம்பரத்துக் கிருஷ்ணவேணிப் பாட்டியிடம் வந்து சேர்கிறது. பாட்டி அதை உற்சவர் சிலைக்குள் போட்டுவிடுகிறாள். பிறகு முழுவதும் துரத்தல்.

ஒரே நடிகர் பல முகம் காட்டுவது தமிழுக்குப் புதிதன்று. ஏ.பி. நாகராஜனின் ‘நவராத்திரி’யில் (1964) சிவாஜி கணேசன் ஒன்பது வேடம் போட்டார், அங்கே நோக்கம் ஒன்பது சுவைகளையும் ஒரே முகத்தில் காட்டுவது. அரசியல் பகடியில் இந்த உத்திக்கு வேறு பயன் உண்டு. அதே 1964-இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தில் பீட்டர் செல்லர்ஸ் ஒரு பிரிட்டிஷ் படை அதிகாரியாக, அமெரிக்க அதிபராக, அணு ஆயுத ஆலோசகராக மூன்று வேடங்களில் வருகிறார். உலகத்தை அழிக்கப் போகும் மேசையைச் சுற்றி ஒரே முகம் திரும்பத் திரும்பத் தோன்றும்போது, ஆட்கள் மாறினாலும் அதிகாரம் மாறவில்லை என்பது சொல்லாமலே விளங்குகிறது. 1949-இன் பிரிட்டிஷ் படம் ஒன்றில் அலெக் கின்னஸ் ஒரே பிரபுக் குடும்பத்தின் எட்டுப் பேராக நடித்ததிலும் இதே தர்க்கம்: சாகிறவர் யாராக இருந்தாலும் குடும்ப மூக்கு ஒன்றுதான். ‘தசாவதார’த்தில் ஒரே முகம் என்பது பார்வையாளருக்குப் புதிராகவே எஞ்சுகிறது. ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர் வடித்த ரப்பர் தோலுக்கு அடியில் கமல் எங்கே என்று தேடுவதில் கவனம் போய்விடுகிறது. அரசனுக்கு இரையாகும் நம்பியும் உலகையே மிரட்டும் புஷ்ஷும் ஒரே உடல் என்பதில் ஒரு பெரிய நக்கல் ஒளிந்திருக்கிறது. படம் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

படத்தின் சிறந்த பகுதி முதல் இருபது நிமிடங்கள் என்பதில் பலருக்கும் உடன்பாடு உண்டு. அதன் வரலாற்றுப் பின்புலம் திரையில் காட்டப்பட்டதைவிடச் செறிவானது. சிதம்பரம் நடராசர் கோயிலில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்றால் ஆடும் கூத்தரையும் பள்ளிகொண்ட பெருமாளையும் ஒருசேரப் பார்க்கலாம். தில்லைத் திருச்சித்திரகூடம் எனப்படும் இந்தப் பெருமாள் சந்நிதி 108 திவ்விய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வாரும் குலசேகராழ்வாரும் பாடியது. இரண்டாம் குலோத்துங்கன் (ஆட்சி சுமார் 1133–1150) கோயிலை விரிவாக்கியபோது பெருமாளை அகற்றிக் கடலில் இட்டான் என்பதற்கான முதன்மைச் சான்று எதிரணியின் வசைநூல் எதுவுமன்று. அவனுடைய அவைப்புலவர் ஒட்டக்கூத்தரின் பாடல்களே. அவர் இதை மன்னனின் சாதனையாகப் பாடுகிறார். தொனியும் கவனிக்கத்தக்கது. கோயில் முற்றத்தில் கிடந்தவர் தம் பழைய வீடான கடலுக்கே போய்ச் சேர்ந்தார் என்ற கேலி அதில் ஓடுகிறது. பாற்கடலில் பள்ளிகொள்பவரைக் கடலுக்கு அனுப்பியதில் என்ன குற்றம் என்று கேட்கும் அரசவைக் குறும்பு அது. படத்தில் குலோத்துங்கனாக வரும் நெப்போலியன் முறைக்கிறார், உறுமுகிறார். ஒட்டக்கூத்தரின் நமுட்டுச் சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. கொடுமையைச் செய்துவிட்டு அதற்கு நயமான உவமையும் தேடும் அதிகாரத்தைப் பகடி செய்ய வேண்டிய இடத்தில், கொடுங்கோலன் என்ற பழைய நாடக மேடைப் பாத்திரம் வந்து நிற்கிறது.

பெயர்க்கப்பட்டது மூலவரா, சந்நிதி முழுமையுமா, அது மதப்பகையா, கோயில் விரிவாக்கத்தின் விளைவா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. வைணவ மரபு, இராமானுசர் உற்சவரைக் காத்துக் கீழ்த் திருப்பதியில் எழுந்தருளச் செய்ததாகச் சொல்கிறது. விஜயநகர மன்னன் அச்சுத தேவராயன் 1539-இல் தில்லையில் பெருமாளை மீண்டும் நிறுவினான். சண்டை அதோடு ஓயவில்லை. 1597-இல் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கன் பெருமாள் சந்நிதித் திருப்பணியைத் தொடங்கியபோது, எதிர்த்த தீட்சிதர்களில் சிலர் கோபுரத்தின் மேலேறிக் குதித்து உயிர்விட்டதை அவ்வழியே வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். முதல் கதையில் அரசன் சைவன், சாகிறவர் வைணவர். இந்தக் கதையில் அப்படியே தலைகீழ். இரண்டையும் அருகருகே வைத்தால் அரசு எந்தக் கடவுளின் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப எதிர்ப்பக்கத்தில் பிணம் விழுகிறது என்பது தெரியும். படம் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. பெருமாளுக்குப் பிரம்மோற்சவம் நடத்துவது பற்றிய பிணக்கு இன்றைய நீதிமன்றம் வரை வந்திருக்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். படம் வெளியாவதற்கு முன்பே, சைவ – வைணவப் பகையைக் கிளறும் என்று அதை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டுத் தள்ளுபடியானது.

நிகழ்காலத்துக்கு வந்ததும் படத்தின் கையில் அபாரமான ஒரு கருத்து இருக்கிறது. 2003-இல் அமெரிக்கா ஈராக்கின் மேல் படையெடுத்தபோது சொன்ன காரணம் பேரழிவு ஆயுதம். அங்கே அது கிடைக்கவில்லை. ‘தசாவதார’த்தில் பேரழிவு ஆயுதம் அமெரிக்க ஆய்வகத்திலேயே தயாராகிறது, தபாலில் சிதம்பரம் அக்ரஹாரத்துக்கு வந்து பெருமாளின் வயிற்றில் உட்கார்ந்துகொள்கிறது. சாமியைச் சுமப்பவர்களுக்குத் தாம் எதைச் சுமக்கிறோம் என்று தெரியாது. காகிதத்தில் இதைவிடச் சிறந்த பகடிச் சூழல் அமைவது அரிது. திரையில் அது துரத்தல் காட்சிக்கான பொருளாக மட்டும் சுருங்குகிறது. கைக்குக் கை மாறும் அந்தச் சிலைக்குப் பதிலாக ஒரு பெட்டி இருந்திருந்தாலும் படத்தின் பிற்பகுதி அப்படியே ஓடும்.  

புஷ் பாத்திரம் படத்தின் வெளிப்படையான அரசியல் கேலி. கையசைத்துக்கொண்டு, அறிவியல் விளக்கம் பிடிபடாமல் விழிக்கும் அதிபர். 2008-இல் இந்தக் கேலி உலகெங்கும் தேய்ந்து போன சரக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியே ஏழெட்டு ஆண்டுகளாக அதைச் செய்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் உட்கார்ந்து அவரைக் கேலி செய்ய எந்தத் துணிவும் வேண்டாம். படத்தின் கதையைத் தாங்கும் சென்னை விழா மேடையில் புஷ்ஷோடு பிரதமர் மன்மோகன் சிங்கும் முதலமைச்சர் மு. கருணாநிதியும் தோன்றுகிறார்கள். வெளிநாட்டு அதிபருக்கு ரப்பர் முகம், நம் தலைவர்களுக்குச் சொந்த முகம். 2008 ஏப்ரலில் பாடல் வெளியீட்டு விழாவில் ஜாக்கி சானோடு முதலமைச்சரும் மேடையேறியிருந்தார் என்பதோடு சேர்த்துப் பார்த்தால், கேலி எந்தக் கோட்டைத் தாண்டாது என்பது முன்பே முடிவாகியிருந்தது போலத் தோன்றும்.

உளவுத்துறை அதிகாரி பல்ராம் நாயுடுதான் பத்துப் பேரில் உண்மையாகவே சிரிக்க வைப்பவர். தெலுங்கு வாடை அடிக்கும் தமிழ், எதிரில் நிற்பவர் தெலுங்கர் என்றால் இளகிவிடும் பாசம், கேள்விக்கும் விசாரணைக்கும் தொடர்பில்லாத மூளை. கமலின் உச்சரிப்புத் திறன் முழுதாக வெளிப்படுவது இங்கேதான். ஆனால் சிரிப்பு அவருடைய பதவியின்மேல் விழுவதில்லை, பேச்சின்மேல் விழுகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் யாரையும் பிடித்து வைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. அந்த உயரமான இஸ்லாமியரான கலிஃபுல்லாவின் தெருக்காரர்களை அவர் விசாரணைக்காகப் பள்ளிவாசலில் அடைக்கிறார். கடல் பொங்கி வரும்போது உள்ளே இருந்ததால் அவர்கள் பிழைக்கிறார்கள்; அதற்காக அவருக்கு நன்றியும் கிடைக்கிறது. இஸ்லாமியர் என்பதற்காகவே சந்தேகிக்கப்பட்ட ஒரு தெருவின் கோபம், கதையின் திருப்பத்தால் நன்றியாக மாற்றப்படுகிறது. பகடி என்றால் அதிகாரி திகைத்து நிற்க வேண்டிய இடம் அது.

படம் மண்ணில் கால் பதிக்கும் ஒரே பாத்திரம் தலித் தலைவரான வின்சென்ட் பூவராகன். பெயரே கடலூர் மாவட்டத்து வாசனை உடையது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளின் பெயரைச் சாதி வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்கு இடுவது இப்பக்கத்து வழக்கம். அந்தப் பெருமாள் மாசி மகத்தன்று கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது வழியில் தர்காவில் இஸ்லாமியர் மரியாதை செய்வதும் பழைய வழக்கம். தில்லைப் பெருமாளை அரசன் கடலில் போட்ட அதே கரையில், இன்னொரு பெருமாள் ஆண்டுதோறும் கடலுக்குப் போய்த் திரும்பி வருகிறார். கிறித்தவ முன்பெயரும் வைணவப் பின்பெயரும் கொண்ட தலித் தலைவர் என்ற கற்பனை இந்த மண்ணை அறிந்தவர் செய்தது.

அவர் எதிர்ப்பது ஆற்று மணல் கொள்ளையை. கொள்ளிடமும் தென்பெண்ணையும் பாயும் மாவட்டத்தில் இது தேர்ந்தெடுத்த பொருள். பகடிக்கு வேண்டிய முரண் சட்டத்திலேயே இருந்தது. 2003 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் ஆற்று மணல் குவாரிகளை அரசே நடத்தும் என்று விதி திருத்தப்பட்டு, பொதுப்பணித்துறை அதை ஏற்றிருந்தது. கதை நடக்கும் 2004 டிசம்பரில், சட்டப்படி மணலுக்கு ஒரே உரிமையாளர் அரசு. ஆற்றில் இறங்கும் லாரிக்கும் அலுவலகத்தில் போடும் முத்திரைக்கும் இடையிலான உறவைச் சொல்லாமல் மணல் கதையைச் சொல்ல முடியாது. படத்தில் அலுவலகமும் இல்லை, முத்திரையும் இல்லை. அடியாட்களோடு ஒரு பணக்காரக் கொள்ளையன் மட்டும் இருக்கிறான். 1994-இன் ‘அமைதிப்படை’யில் மணிவண்ணனும் சத்யராஜும் இதைவிடக் குறைந்த செலவில் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். கோயிலில் சிதறுதேங்காய் பொறுக்கும் அமாவாசை, வாக்கு எண்ணிக்கையில் முன்னிலை ஏற ஏற நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நாகராஜ சோழனாகும் ஒரே காட்சியில், அதிகாரம் ஓர் உடலுக்குள் எப்படிக் குடியேறுகிறது என்று காட்டிவிடுகிறார்கள். அதற்கு ரப்பர் தேவைப்படவில்லை.

பூவராகனின் சாதி அரசியலுக்கும் இடத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. சிதம்பரம் தனித் தொகுதி. சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய ஊர். தீண்டாமை பற்றி ஆராய்ந்து 1969-இல் அறிக்கை தந்த குழுவின் தலைவர் எல். இளையபெருமாள் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர். 1999 நாடாளுமன்றத் தேர்தலில் தொல். திருமாவளவன் இங்கே போட்டியிட்டபோது தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அவர் அந்தத் தேர்தலிலும் 2004-இலும் தோற்று, 2009-இல் வென்றார். ‘தசாவதார’த்தின் கதை நிகழ்வது அந்த இரண்டாம் தோல்விக்குச் சில மாதங்களுக்குப் பிறகு. படத்தில் தேர்தலும் இல்லை, கட்சியும் இல்லை. பூவராகன் தனி மனிதராகப் பேசுகிறார், அடிக்கிறார், அடிபடுகிறார். கடைசியில் தன் எதிரியான மணல் கொள்ளையனின் வீட்டுக் குழந்தைகளை அலையிலிருந்து காப்பாற்றிச் சாகிறார். கரையில் கிடக்கும் அவர் உடலைக் கிருஷ்ணவேணிப் பாட்டி தன் இறந்த மகனாகவே எண்ணி மடியில் ஏந்திக் கதறுகிறாள். வைணவப் பாட்டி தங்கள் பிள்ளையைத் தொட்டு அழுவதைச் சேரி மக்கள் திகைத்துப் பார்க்கிறார்கள்.

இது கண்ணீர் வரவழைக்கும் காட்சி. சிதம்பரம் பல நூற்றாண்டுகளாக அறிந்த காட்சியும்கூட. ஆதனூர் நந்தனார் தீயில் புகுந்து எழுந்த பிறகுதான் தில்லைக் கோயிலுக்குள் போக முடிந்தது. அந்தக் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனைகளாக்கினார், 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நடித்தார்கள். நந்தனாருக்கு நெருப்பு, பூவராகனுக்கு நீர். இரண்டிலும் தலித் உடல் ஏற்கப்படுவதற்கு முன்னால் இயற்கையின் பெரும்பூதம் ஒன்று அதைச் சுத்தப்படுத்தியாக வேண்டும். கிருஷ்ணவேணி நினைவு தப்பியவள் என்பதால், பிணத்தைத் தொட்டதுகூட அறிந்து செய்த மீறலாகாது. பகுத்தறிவு பேசும் ஒரு படம், தன்னை அறியாமலே, அது கேள்வி கேட்க வேண்டிய பழைய புராணத்தை மறுபடியும் எடுத்திருக்கிறது.

கடல்தான் இந்தப் படத்தின் தீர்ப்பாளர். கிருமியை அழிக்க வல்லது உப்பு. பொங்கி வந்த கடல் அதைக் கரைக்கிறது, கொடியவரைக் கொல்கிறது, மணல் கொள்ளையனுக்குப் பாடம் சொல்கிறது, பள்ளிவாசலில் அடைபட்டவர்களை விடுவிக்கிறது, எட்டரை நூற்றாண்டு முன் மூழ்கிய சிலையைக் கரையில் ஒதுக்குகிறது. அரசியல் செய்ய வேண்டிய வேலை அனைத்தையும் அலை செய்து முடித்துவிடுகிறது. சிறு செயல் பெரும் விளைவு தரும் என்ற ஒழுங்கின்மைக் கோட்பாட்டைப் படம் முன்வைப்பதால் இந்தத் தற்செயல்களுக்கு அறிவியல் பூச்சு கிடைக்கிறது.

கடலூர்க் கரையில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை வந்த உப்பு நீர் யாரையும் காப்பாற்றவில்லை. மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் முதல் கிள்ளைப் பக்கத்துத் திட்டுகள் வரை மீனவர் குப்பங்கள் அழிந்தன. நிலத்தில் ஏறிய உப்பு வயல்களைக் கெடுத்தது. குடிநீர்க் கிணறுகள் கரித்தன. இந்தக் கரையை ஆராய்ந்து 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, அலையாத்தி மரங்களும் கரையோர மரக்கூட்டமும் மறைத்து நின்ற ஊர்களில் சேதம் குறைந்திருந்ததைக் காட்டியது. பிச்சாவரத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் பிழைத்ததற்குக் காரணம் வினைப்பயன் அன்று. வெட்டாமல் விட்ட காடு. யார் கடலை ஒட்டிக் குடியிருக்கிறார்கள், யார் கரை மணலையும் காட்டையும் அழிக்கிறார்கள் என்ற கேள்விகள் ஆழிப்பேரலையை அரசியலாக்குகின்றன. படத்துக்கு அது வசதியான முடிவு மட்டுமே. கடவுள் இருக்கிறாரா என்று கரையில் அமர்ந்து நாயகனும் நாயகியும் பேசும் இறுதி உரையாடல் நயமானது. சுற்றிலும் பிணங்கள் கிடக்கும் கரை என்பதுதான் நெருடல்.

பகடி பாதி வழியில் நின்றுவிடும் இந்தத் தயக்கத்துக்குத் திறமைக் குறைவு காரணமன்று. படத்தின் அளவு காரணம். அப்போதைய தமிழ்த் திரையின் மிகப் பெரும் செலவுப் படங்களில் ஒன்று அது. தெலுங்கிலும் இந்தியிலும் விற்றாக வேண்டும். கடலூர் மணலோ தில்லைச் சண்டையோ வட இந்தியாவில் புரியாது. புஷ்ஷின் முகம் எங்கும் புரியும். பகடி உள்ளூர்ச் சரக்கு. சோ ராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ (1971), தன்னோடு சேரும் எம்.பி.க்களை எல்லாம் துணைப் பிரதமராக்கும் ஆளைக் காட்டியபோது, எவரைக் குத்துகிறார் என்று பார்வையாளர் ஆள் பெயரே சொல்ல முடிந்தது. படத்துக்கு எதிர்ப்பும் வந்தது. சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006) அரண்மனை வேடத்தில் உள்ளூர் ஆட்சியாளரின் துதிபாடும் கூட்டத்தைக் கிண்டல் செய்து ஓடியது. இரண்டும் ஒப்பனையில் சிக்கனம், குறியில் துல்லியம்.

2016-இல் கமல்ஹாசன் ‘தசாவதார’த்தின் ஒரு பாத்திரத்தை மட்டும் பிரித்தெடுத்து மூன்று மொழிகளில் தனிப்படமாக அறிவித்தார். பெயர் ‘சபாஷ் நாயுடு’. லாஸ் ஏஞ்சல்ஸில் படப்பிடிப்புத் தொடங்கியது. அந்த ஆண்டே அவருக்குக் காலில் அடிபட்டதால் தடைபட்டு, பிறகு நின்றுபோனது. 2018 பிப்ரவரியில் அவர் மதுரையில் கட்சி தொடங்கினார். பத்துப் பேரில் அந்தத் தனிப்படத்துக்குத் தேர்வானவர் தெலுங்கு பேசும் அதிகாரி, பூவராகன் அல்லர்.